கனடா போய் வந்த கதிரைகள்

எந்தத் தலைப்பையும் எந்தப் பக்கத்தில் நின்றும் வெல்லக்கூடியவன் என்பதே ஒரு விவாதிக்குக் கிடைக்கக்கூடிய உச்சப் பாராட்டு. மேடையில் அது பட்டம். வீட்டில் அது வியாதி. இந்த வேறுபாட்டை உலகம் எனக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறது. நான்தான் ஒவ்வொரு முறையும் உலகத்தை மறுத்துப் பேசி வென்றுவிட்டேன்.

அப்போது நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்பதை அம்மா இன்றுவரை ஏற்கவில்லை. 'திரிஞ்சவன்' என்பதே அவருடைய சொல்.) பாடசாலை விவாத அணிக்குத் தலைமை தாங்கி, பின்னர் பல்கலைக்கழக அணிக்கும் தலைவனாகி, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் கண்ணாடி அலுமாரியிலிருந்து அம்மாவின் பீங்கான் கோப்பைகளை வெளியேற்றிவிட்டு என் கேடயங்களைக் குடியேற்றியிருந்த காலம் அது. சந்தையில் மீன் வாங்கப் போனாலும் முன்னுரை, வாதம், தொகுப்புரை என்ற ஒழுங்கில்தான் விலை கேட்பேன். மீன்காரர் சிங்களவர். என் தமிழில் ஒரு சொல்லும் விளங்காமல் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஹரி மல்லி, ஹரி" (சரி தம்பி, சரி) என்று மீனைப் பையில் போட்டுத் தருவார். அதையும் நான் வெற்றிகளின் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட ஒருவனிடம் ஒரு தரவுத்தளத்தை எந்த நாட்டில் வைப்பது என்ற கேள்வி வந்து சேர்ந்தது எங்கள் குடும்பத்தின் கெட்ட காலம்.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் ரியூஷன் நிலையம் நடத்துகிறார். பெரிய மண்டபம், ஒரு மேடை, வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், தலைக்கு மேலே பாடத்தைவிடச் சத்தமாகச் சுழலும் மின்விசிறிகள். அந்த மண்டபத்தை நிரப்பியவர் கெமிஸ்ட்ரி சேர். வெள்ளவத்தையில் ரியூஷன் ஆசிரியர்களுக்குத் தாய் தந்தையர் வைத்த பெயர் நிலைப்பதில்லை. கற்பிக்கும் பாடமே பெயராகிவிடும். (மற்றவர் பிசிக்ஸ் சேர். அவருடைய மனைவியும் அவரை அப்படித்தான் அழைப்பதாகக் கேள்வி.) உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியல் எடுக்கும் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் பஸ் மாறி அவரிடம் வந்தார்கள். அவர் நின்றால் பிசிக்ஸ் சேரும் நிற்பார், கணிதம் எடுக்கும் மட்ஸ் சேரும் நிற்பார். அவர் போனால் மண்டபத்தில் மின்விசிறிகள் மட்டுமே மிஞ்சும். மாமாவின் பிழைப்பு முழுவதும் அந்த ஒருவரின் வெண்கட்டியில் தொங்கியது.

அவரோ கோபக்காரர். ஒவ்வொரு பாடத் தவணை ஆரம்பத்திலும் விடியும்போதே பெற்றோர் வந்து, முன்வரிசைக் கதிரைகளில் கைக்குட்டை, குடை, தண்ணீர்ப் போத்தல் என்று போட்டு இடம் பிடிப்பார்கள். ஒரு முறை இரண்டு தாய்மார் ஒரே கதிரைக்கு இழுபறிப்பட, இடையில் கிடந்த குடை படாரென விரிந்து, கும்பிட்டுக்கொண்டு உள்ளே வந்த சேரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டி விழுத்தியது.

கண்ணாடியைத் துடைத்தபடி சேர் மாமாவிடம் சொன்னார்: "ஐயா, அடுத்த தவணைக்குள்ள ஆர் எந்தக் கதிரை எண்டு போன்ல புக் பண்ணுற மாதிரிச் செய்யுங்கோ. இல்லாட்டி நான் றோட்டுக்கு அங்கால போறன்."

றோட்டுக்கு அங்காலே, காலி வீதியின் மறுபக்கத்தில், குளிரூட்டிய மண்டபமும் கண்ணாடிக் கதவும் கொண்ட புதிய நிலையம் ஒன்று திறந்திருந்தது. மாமா அன்று இரவு சாப்பிடவில்லை.

அவரைக் காப்பாற்ற முன்வந்தவள் மகள் தாரணி. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். என் வயதுதான். என்னை ஒருபோதும் விவாதத்தில் வென்றதில்லை; காரணம், அவள் விவாதிப்பதே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். வேலை முடிந்து வந்து, வார இறுதிகளில் உட்கார்ந்து, கதிரை முற்பதிவு செய்யும் இணையத்தளத்தைக் கட்டினாள். நானும் பங்களித்தேன். வரவேற்புப் பக்கத்துக்கு ஓர் உரை எழுதிக் கொடுத்தேன். அதை அவள் 'வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருந்தபோது தாரணி மடிக்கணினியைத் திறந்தாள்.

"அப்பா, ஒரு சின்ன முடிவு. வெப்சைட் கொழும்பிலயே இருக்கு. ஆனா எந்தக் கதிரை ஆருக்கு எண்டு எழுதி வைக்கிற டேட்டாபேஸ் வேற இடத்தில வைக்கோணும். கிளவுட்ல. எந்த நாடு எண்டு கேக்குது. மும்பை எண்டு போடுறன்."

"மேகத்திலயோ?" என்றார் அம்மா, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"இல்ல மாமி, பேர்தான் மேகம். ஒரு பெரிய பில்டிங். உள்ளுக்குக் கொம்பியூட்டர். அவ்வளவுதான். எங்களுக்குக் கிட்ட இருக்கிறது மும்பை, இல்லாட்டிச் சிங்கப்பூர்."

விடயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். அவளுடைய விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நானும் மும்பைதான் சரி என்று நினைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் ஒரு தீர்மானம் எதிர்ப்பேச்சு எதுவுமின்றி என் கண்முன்னே நிறைவேறுவதை என் பயிற்சி அனுமதிக்கவில்லை. எதிரணி மேசையில் ஆளில்லை என்றால் எனக்குக் கால் பரபரக்கும்.

அந்த நேரம் பார்த்து அம்மா கேட்டார்: "மும்பையில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஏன் மாமி, ஆள் எதுக்கு?"

"ஏதும் ஒண்டெண்டா ஓடிப் போய்ப் பாக்க ஒரு சொந்தம் வேண்டாமே? பிள்ளையளின்ர பேர் விபரமெல்லாம் அங்கயெல்லோ கிடக்கப் போகுது. கனடாவில வைக்கேலாதோ? தம்பியார் இருக்கிறார்."

தம்பியார் என்றது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. ஸ்காபரோவில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளையும் வெளிநாட்டில் வைப்பதென்றால் முதலில் பார்ப்பது அங்கே ஆர் இருக்கினம் என்பதைத்தான். மேற்படிப்புக்குப் பிள்ளையை அனுப்புவதென்றாலும் அப்படித்தான். பல்கலைக்கழகத்தின் தரம் பிறகு. தாரணி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு எதிரணி பிறந்தது.

நான் எழுந்து நின்றேன். இடுப்புச் சாறத்தைச் சரிசெய்துகொண்டேன்.

"நடுவர் அவர்களே!" என்றேன் மாமாவைப் பார்த்து. மாமா திடுக்கிட்டுப் பல்குத்தும் குச்சியைக் கீழே வைத்தார்.

"தூரம் என்பது எது? கடலில் அளக்கும் தூரமா, நெஞ்சில் அளக்கும் தூரமா? மும்பை நமக்கு அருகில் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரத்தில் நமக்காக ஒரு கதவைத் தட்ட ஒரு கை உண்டா? இந்த மண்ணை விட்டுப் போனவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? உறவை! அந்த உறவின் காவலில் நம் பிள்ளைகளின் பெயர்களை ஒப்படைப்பது தூரமா? அருகில் இருக்கும் அந்நியனிடம் ஒப்படைப்பது தூரமா?"

"டேய், டேட்டாபேஸுக்குக் காவல் தேவையில்ல," என்றாள் தாரணி. "வயர்தான் தேவை. நான் எழுதின பக்கம் ஒவ்வொரு கதிரைக்கும் தனித்தனியா ஒரு கேள்வி கேக்குது. கிட்ட இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. தூர இருந்தா ஒவ்வொரு கேள்வியும் போய் வரோணும்."

"போய் வரட்டும்!" என்று முழங்கினேன். "போய் வருதல் என்பது தமிழனுக்குப் புதிதா?"

இந்த இடத்தில் அம்மாவின் கண் கலங்கியது. தாரணியின் தாயான மாமி குசினியிலிருந்து கரண்டியுடன் வந்து கதவடியில் நின்றார். தாரணி மடிக்கணினியைத் திருப்பி ஏதோ ஓர் அட்டவணையைக் காட்டினாள். ஒருவரும் பார்க்கவில்லை. தொகுப்புரையில் நான் சித்தப்பா முதன்முதலாகப் பனியைக் கண்டு அழுத கதையைச் சொன்னேன். (அது தரவுத்தளத்துக்கு எந்த வகையில் பொருந்தும் என்று அன்றும் எவரும் கேட்கவில்லை, இன்றும் எனக்குத் தெரியாது.) முடிவில் மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்:

"கனடாவிலயே வை பிள்ளை."

தாரணி என்னை ஒரு கணம் பார்த்தாள். "சரி," என்றாள். "பிறகு என்னட்டை வரப்படாது." எழுந்து போய்விட்டாள். எதிரணி வெளிநடப்புச் செய்ததாக நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அம்மா அன்றே சித்தப்பாவுக்கு அழைப்பெடுத்து, பொருள் அவர் பொறுப்பில் வருகிறது என்று அறிவித்தார். தரவுத்தளம் இருப்பது ஸ்காபரோவில் அல்ல, மொன்றியலில் என்று தாரணி குறுஞ்செய்தியில் விளக்கியதும் சித்தப்பா மனம் தளரவில்லை. அடுத்த விடுமுறை நாளில், கொட்டும் பனியில், சித்தியையும் ஏற்றிக்கொண்டு மொன்றியலுக்குக் கார் ஓட்டினார். யன்னலே இல்லாத பெரிய கட்டடம் ஒன்றின் முன்னால் நின்று, கட்டைவிரலை உயர்த்தி, படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார்: 'சாமான் பத்திரமாக் கிடக்கு. பாதுகாப்பு நல்ல இறுக்கம். உள்ளுக்கு விடயில்ல.' அம்மா அந்தப் படத்தை எங்கள் தொடர்மாடியின் எல்லா வீடுகளுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அது உறைந்த மீன் வைக்கும் களஞ்சியம் என்பது பின்னாளில்தான் தெரிய வந்தது.

முற்பதிவு திறக்கும் சனிக்கிழமை வந்தது. தாரணி அலுவலக வேலையாகக் கண்டிக்குப் போயிருந்தாள். நிலையத்தின் சின்ன அலுவலக அறையில் மாமாவும் நானும் திரையைப் பார்த்தபடி இருந்தோம். அறிவித்த நேரம் வந்ததும் கொழும்பின் பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைத் தொட்டார்கள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

உள்ளே நடந்தது என்ன என்பதைப் பின்னர் தாரணி எனக்கு விளக்கினாள். ஒரு தாய் பக்கத்தைத் திறந்தால், முதலாம் கதிரையில் ஆள் உண்டா என்று ஒரு கேள்வி கனடாவுக்குப் புறப்படும். கடல் பல கடந்து, பதில் வாங்கி, கொழும்புக்குத் திரும்பும். அது வந்து சேர்ந்த பிறகே இரண்டாம் கதிரை புறப்படும். பிறகு மூன்றாம் கதிரை. இப்படி மண்டபத்தின் கதிரைகள் அனைத்தும், ஒவ்வொரு தாய்க்காகவும், தனித்தனியே கனடா போய் வந்தன. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் தூதரக வாசலில் நின்று நின்று களைத்த விசா, எங்கள் பிளாஸ்டிக் கதிரைகளுக்குக் கேளாமலே கிடைத்தது.

தாமதமானால் வெள்ளவத்தைத் தாய் என்ன செய்வாள்? மறுபடியும் அழுத்துவாள். தகப்பனின் போனிலும் அழுத்துவாள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் கதிரைகள் எல்லாம் மீண்டும் பயணப்பட்டன. பதில் வருவதற்குள் அதே கதிரையைப் பற்றி இன்னும் பலர் கேட்டிருந்தார்கள். ஒருவருடைய பெயர் அங்கே போய்ப் பதிவதற்கு முன்பே அடுத்தவரின் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டதால், கனடா எல்லோருக்கும் ஒரே மரியாதையுடன், 'ஆளில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் அனுப்பியது.

ஆனால் இவை எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், வட்டம் மதியம் வரை சுற்றிய பின், 'உங்கள் கதிரை உறுதி செய்யப்பட்டது' என்ற செய்தி எல்லாப் பெற்றோருக்கும் போய்ச் சேர்ந்தது என்பதுதான். ஒரு முறைப்பாடும் இல்லை. எல்லோருக்கும் இடம். கேட்டவர்களுக்கெல்லாம் முன்வரிசை.

"பாத்தியளே மாமா!" என்றேன்.

மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சேர் இனி எங்கயும் போக மாட்டார்," என்றார். பேக்கரியிலிருந்து பற்றீஸ் வரவழைத்தார். பற்றீஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஒரு வெற்றியுரை ஆற்றினேன்.

மறுநாள் காலை வகுப்பு.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கை நிரம்பி வழிந்தது. மண்டபத்துக்குள் கண்ட காட்சியை மறக்க முடியாது. பின்பாதி முழுவதும் வெறுங்கதிரைகள். முன்பாதியில் மனிதக் குவியல். ஒரே கதிரையின் நான்கு காலையும் நான்கு தகப்பன்மார் பிடித்திருந்தார்கள். முதலாம் கதிரைக்கு மட்டும் ஒரு பாடசாலை உதைபந்தாட்ட அணி அளவுக்கு ஆட்கள். எல்லோருடைய கையிலும் போன்; எல்லாப் போனிலும் அதே கதிரையின் இலக்கம்.

"நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் மாறி வந்தனாங்கள்!" என்று ஓர் அம்மா போனைத் தூக்கிப் பிடித்தார். பச்சைச் சேலை, தோளில் மகனின் புத்தகப் பை. "இஞ்ச பாருங்கோ, உறுதி எண்டு போட்டிருக்கு. உறுதி எண்டா என்ன?"

"எனக்கும் உறுதிதான் அக்கா," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"உங்கட உறுதிக்கு முதல் என்ர உறுதி வந்தது!"

"பின்னுக்கு இவ்வளவு கதிரை கிடக்குத்தானே, அங்க இருங்கோவன்," என்று மாமா கெஞ்சினார்.

"ஏன், நீங்கள் போய் இருங்கோவன்!"

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. என் தோளைப் பிடித்தார். "சேர் வாற நேரமாச்சு. இதைக் கண்டாரெண்டா அவ்வளவுதான். நேர அங்கால போயிடுவார். ஏதாவது செய்யடா."

ஏதாவது செய்! என் வாழ்க்கை முழுவதும் நான் காத்திருந்த அழைப்பு அதுதான். உண்மையான மேடை, உண்மையான கூட்டம், உண்மையான நெருக்கடி. நான் மேடையில் ஏறி மைக்கைத் தட்டினேன்.

"பெருமதிப்புக்குரிய பெற்றோர்களே! நாளைய மருத்துவர்களே, பொறியியலாளர்களே! ஒரு கேள்வி கேட்கிறேன். முன்வரிசை என்பது ஓர் இடமா, ஒரு மனநிலையா?"

கூட்டம் அமைதியாகியது. ஒரு தகப்பன் கதிரைக் காலை விட்டார்.

நான் பேசினேன். முன்வரிசையில் இருப்பவன் கரும்பலகையை மட்டுமே பார்க்கிறான். பின்வரிசையில் இருப்பவன் வகுப்பு முழுவதையும் பார்க்கிறான் என்றேன். முன்னால் இருப்பவனுக்கு வெண்கட்டித்தூள், பின்னால் இருப்பவனுக்குக் கடற்காற்று என்றேன். கழுத்து நிமிர்ந்து இருப்பதற்கும் ஞாபகசக்திக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு கருத்தை அந்த இடத்திலேயே கண்டுபிடித்தேன். "வென்றவர்கள் எங்கிருந்து எழுந்தார்கள்? பின்வரிசையிலிருந்து!" என்று நான் கையை உயர்த்தி முடித்தபோது கைதட்டல் கூரையை முட்டியது.

பின்னர் எல்லோரும் பின்வரிசைக்கு ஓடினார்கள்.

எல்லோரும் என்றால் எல்லோரும். முன்பாதி ஒரு நொடியில் வெறுமையாகியது. பின்சுவரோடு இருந்த கடைசி வரிசைக்காக, முன்பைவிடப் பலமடங்கு ஆவேசத்துடன், சண்டை தொடங்கியது. கொட்டாஞ்சேனை அம்மா கடைசி வரிசை மூலைக் கதிரையில் மகனைத் தள்ளி இருத்தி, அவன் மேல் பையை வைத்து, பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். (நான் அளவாகப் பேசியிருக்கலாம். ஆனால் அளவாகப் பேசுவதற்கு எனக்கு எவரும் பயிற்சி தரவில்லை.)

அப்போது மேடைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு கெமிஸ்ட்ரி சேர் உள்ளே வந்தார்.

அவர் கண்டது இதுதான்: தனக்கு முன்னால் வரிசை வரிசையாக வெறுங்கதிரைகள்; எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்ச் சுவரோடு ஒட்டி நிற்கும் மாணவர் கூட்டம். பல வருடங்களாக முன்வரிசைக்குக் குடைச்சண்டை கண்ட மனிதர்.

அவருடைய கையிலிருந்த வெண்கட்டிப் பெட்டி தாழ்ந்தது.

"என்னைக் கண்டு ஏன் எல்லாரும் அங்க போய் நிக்கினம்?" என்றார் மெதுவாக.

சேர் பெட்டியை மூடினார். கதவுப் பக்கம் திரும்பினார்.

"சேர், சேர், ஒரு நிமிசம்!" மாமா குறுக்கே பாய்ந்தார். "உங்களால இல்ல சேர். இவன்தான் பின்னுக்குப் போகச் சொன்னவன்."

சேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மைக் இன்னும் என் கையில் இருந்தது.

"நீரோ?"

"ஓம் சேர்."

"அப்ப நீரே திருப்பி முன்னுக்குக் கொண்டு வாரும். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்." கையைக் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்தார்.

மாமா என்னைப் பார்த்த பார்வையில் அவருடைய நிலையம், பிசிக்ஸ் சேர், மட்ஸ் சேர், மின்விசிறிகள் எல்லாம் இருந்தன. நான் அஞ்சவில்லை. எதிர்த்தரப்பில் பேசச் சொன்னால் அஞ்சுபவன் விவாதியா? தொண்டையைச் செருமினேன்.

"பெருமதிப்புக்குரிய பெற்றோர்களே! முன்வரிசை என்பது வெறும் இடமல்ல. அது ஓர் உறுதிப்பாடு! ஆசிரியரின் கண்ணொளி படும் தூரத்தில் இருப்பவனே..."

"தம்பி!" என்றது கடைசி வரிசை மூலையிலிருந்து ஒரு குரல். பச்சைச் சேலை. "இப்பத்தானே வேற மாதிரிச் சொன்னனீங்கள்?"

"அம்மா, நான் முன்பு கூறியது..."

"கழுத்து நிமிந்து இருந்தா ஞாபகசக்தி எண்டு சொன்னீங்கள். என்ர பிள்ளை நிமிந்து இருக்கிறான். இப்ப என்ன, குனியட்டோ?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "அண்ணா, நடுவில இருந்தா ரெண்டும் கிடைக்குமோ?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் குரலை உயர்த்தினேன். சிரிப்பும் உயர்ந்தது. உவமை ஒன்றை எடுத்தேன். அது பாதியில் என்னைக் கைவிட்டது. ஒருவர்கூட அசையவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக, நான் சொன்னதை ஒரு கூட்டம் முழுவதும் காதால் கேட்டும் மனத்தால் வாங்கவில்லை. என்னை மறுத்துப் பேசியது வேறு யாருமல்ல. கொஞ்ச நேரத்துக்கு முன் பேசிய நானே. அவன் என்னைவிட நன்றாகப் பேசியிருந்தான்.

சேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஒழுங்கைப் பக்கத்துக் கதவால், தோளில் பயணப்பையுடன், தாரணி உள்ளே வந்தாள். கண்டி ரயிலில் வரும்போதே போனில் பதிவுகளைப் பார்த்து, நடந்தது என்னவென்று விளங்கி, மருதானையில் இறங்கி ஓட்டோ பிடித்து நேரே வந்திருந்தாள். மேடையில் ஏறி என் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். கேட்கவில்லை, எடுத்தாள்.

"பிழை எங்களில," என்றாள். "உங்கட போன்ல இருக்கிற கதிரை நம்பர் ஒண்டும் சரியில்ல. ஒரே கதிரையைப் பல பேருக்குக் குடுத்திட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்கு மட்டும் கிட்ட இருக்கிற கதிரையில இருங்கோ. இடம் போதாட்டிப் பின்னேரம் இன்னொரு வகுப்பு இருக்கு. அடுத்த கிழமை சரியாக்கித் தாறன்." பின்பு திரும்பி, "பின்னேரம் எடுப்பீங்கள்தானே சேர்?" என்றாள்.

சேர் தலையசைத்தார்.

அவ்வளவுதான். முன்னுரை இல்லை, தொகுப்புரை இல்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் சிலர், நடுவில் சிலர். கொட்டாஞ்சேனை அம்மா மகனைப் பார்த்து, "சரி, அந்தப் பிள்ளை சொல்லுது, நீ முன்னுக்குப் போ," என்றார். எவரும் கைதட்டவில்லை. கைதட்டல் இல்லாமலும் ஒரு பேச்சு வேலை செய்யும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். அதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

வகுப்பு முடிந்து அலுவலக அறையில் பாலில்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டே சேர் மாமாவிடம் தன் தீர்ப்பைச் சொன்னார்:

"ஐயா, அந்த டேட்டாபேஸோ என்னவோ, அதை இந்தப் பிள்ளை சொல்லுற இடத்தில வையுங்கோ. இவருக்கு மைக் குடுக்காதேங்கோ. நான் நிக்கிறன்."

மாமா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று தெரியவில்லை. தோள் குலுங்கியது.

அந்த வாரமே தரவுத்தளம் மும்பைக்கு இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு கதிரைக்கும் தனிக்கேள்வி அனுப்பியது தன்னுடைய பிழையும்தான் என்று தாரணி ஒப்புக்கொண்டு, எல்லாக் கதிரைக்கும் சேர்த்து ஒரே கேள்வியாக மாற்றி எழுதினாள். வட்டம் இப்போது சுற்றுவதில்லை. மும்பையில் எங்களுக்கு இன்றுவரை ஒரு சொந்தமும் இல்லை, ஒன்றும் நடக்கவுமில்லை. சித்தப்பாவுக்குத்தான் மனத்தாங்கல். தன் பொறுப்பில் இருந்த பொருளைத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார்களாம். "என்னில என்ன பிழை கண்டனீங்கள்? பனியுக்க போய்ப் பாத்தனானெல்லோ?" என்று அம்மாவிடம் இப்போதும் கேட்கிறார்.

என் நிலைதான் பரிதாபம். வீட்டில் நான் எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும், அது இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டா இடியப்பமா என்பதாக இருந்தாலும், அம்மா கரண்டியை நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இது முதல் பேச்சோ, ரெண்டாம் பேச்சோ?" மாமா கேட்பார். மாமி கேட்பார். நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த அன்று, வாழ்த்த வந்த பிசிக்ஸ் சேரும் கேட்டார்.

போன வருடம் தாரணிக்குத் திருமணம். வரவேற்பில் மணமகளை வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். (மாமா எதிர்த்தார். தாரணிதான், "பேசட்டும் அப்பா, பாவம்," என்றாள்.) அவளுடைய நேர்மை, சொற்சுருக்கம், தெளிவு பற்றி நான் உள்ளம் உருகப் பேசி முடித்தேன். விருந்தினர் மேசையிலிருந்து கெமிஸ்ட்ரி சேர் கையை உயர்த்தினார்.

"தம்பி, இது முதலாவதோ, ரெண்டாவதோ?"

மணமேடை உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் அதிகமாகச் சிரித்தார். கதை அவர் வீட்டுக்கும் போயிருந்தது.

"முதலாவது சேர்," என்றேன் கம்பீரமாக. அது உண்மை. இரண்டாவதும் சட்டைப்பையில் தயாராக இருந்தது. இன்னும் சொல்வதானால், அதுதான் சற்றுக் கூடுதலாக நன்றாக வந்திருந்தது.